சின்னம்மா கொண்டுவந்த செப்புத் தவலை

சித்தப்பாவின் புதுக் கடிகாரத்தில் அப்போது காலை பத்து மணி நாற்பது நிமிடம். மாமனார் போட்ட சங்கிலிக் கடிகாரம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை எடுத்துப் பார்ப்பதும், யாரும் கேட்காமலேயே மணி சொல்வதும்தான் அவருக்கு வேலை. "பத்து நாப்பது" என்று அவர் சொன்னபோது பெரியப்பா இலையை விட்டு எழுந்தார். கை கழுவவில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடிப்போய், மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பெரியப்பா ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் குழந்தைகள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து எழுந்தது உறவுக்காரப் பெண்கள் இருவர். அப்புறம் பெரியம்மா. அப்புறம் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே சித்தப்பா. கடைசியில் என் தம்பி, உட்கார்ந்த இடத்திலேயே, என் பாவாடை மேல். அவன் வாயிலிருந்து வந்தது பச்சையும் நீலமுமாக இருந்தது. அவன் தின்ற புளிச்சோற்றில் அந்த நிறம் கிடையாது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

என் வயதுக்காரர்கள் இதைப் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் இப்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் நேரம். எனக்கும் அப்படியே. போன வாரம் என் மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கப் பாலக்காட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு செப்புத் தவலையைத் தூக்கி என் மடியில் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். பளபளவென்று சிவப்பாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கடைப்படியில் உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "ஈயம் பூசாமல் இதை வாங்க மாட்டேன்" என்றேன். பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தூக்கைக் காட்டி, "இதுக்கும் பூசணும்" என்றேனாம். "அம்மா, எவர்சில்வருக்கு ஈயம் பூச மாட்டாங்க" என்று என் மகள் சிரித்தாள். கல்லூரியில் ரசாயனம் படித்தவள். அவளுக்குத் தெரிந்தது புத்தகம். எனக்குத் தெரிந்தது அந்தப் பத்து மணி நாற்பது நிமிடம்.

எங்கள் வீடு கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சோளம், நிலக்கடலை, கொஞ்சம் பருத்தி. மலை இடைவெளி வழியாக வரும் காற்று ஆனி பிறந்தால் ஆரம்பிக்கும். பனை ஓலைகள் இரவும் பகலும் அடித்துக்கொள்ளும். சோற்றுக்குள் மண் விழாமல் சாப்பிட்ட நாள் கிடையாது. கூட்டுக் குடும்பம். பெரியப்பா சொல்வது காட்டில் நடக்கும், பெரியம்மா சொல்வது சமையற்கட்டில் நடக்கும். என் அம்மா அதிகம் பேசாதவள். கடைசித் தம்பியான சித்தப்பாவுக்கு அந்த வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. வந்தவள்தான் எங்கள் சின்னம்மா.

சின்னம்மாவின் அப்பா எங்கள் உறவுதான். ஆனால் இளம் வயதிலேயே பீர்மேட்டுக்கு மலையேறிப் போனவர். தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர். அங்கே தெற்கத்திச் சனங்கள் நடுவில் வளர்ந்ததால் சின்னம்மா பேச்சும் அப்படியே. நாங்கள் 'ஊடு' என்போம், அவள் 'வீடு' என்பாள். "சொல்லுதேன்", "குடுக்கேன்" என்பாள். அவள் வாயைத் திறந்தால் பெரியம்மா மற்ற பெண்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவாள்.

"என்னம்மிணி, ஒங்கூர்ல எல்லாம் இப்படி இழுத்து இழுத்துத்தான் பேசுவாங்களா?"

"ஆமாக்கா, மலை ஏற்றமில்லா? மூச்சு வாங்கும், இழுத்துத்தான் பேசணும்" என்பாள் சின்னம்மா. பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்ததற்காக இன்னும் கோபம் வரும்.

அவள் கொண்டுவந்த சாமான்களை நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறேன். பச்சை டிரங்குப் பெட்டி. அதற்குள் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்த நீலக் கண்ணாடிப் புட்டி. ஒரு காலத்தில் மருந்துப் புட்டியாக இருந்தது அது. பக்கவாட்டில் அளவுக்கோடுகள் இருந்தன, மூடியும் கண்ணாடி. வெயிலில் பிடித்தால் சுவரெல்லாம் நீலமாகும். அந்தப் புட்டி பின்னால் எங்கே போயிற்றோ. இப்போதும் எங்காவது நீலக் கண்ணாடியைப் பார்த்தால் கையில் எடுத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அப்புறம் அந்தத் தவலை. சீர்ச் சாமான்களில் பெரியது அதுதான். வெளியே செக்கச் சிவந்த செம்பு. உள்ளே வெள்ளி போல ஈயம் பூசியிருந்தது.

அந்த வெள்ளைதான் பெரியம்மாவின் கண்ணை உறுத்தியது. எங்கள் வீட்டில் செம்பு என்றால் தண்ணீர்க் குடமும் சொம்பும்தான். அவற்றுக்கு ஈயம் பூசுவதில்லை. செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு மருந்து என்று பெரியப்பா தினமும் காலையில் ஒரு சொம்பு குடிப்பார். சமையல் எல்லாம் மண்சட்டியும் இரும்புச் சட்டியும். அதனால் பெரியம்மாவின் கணக்கு இப்படிப் போயிற்று. நல்ல செம்பாக இருந்தால் அதன்மேல் எதற்குப் பூச்சு? உள்ளே ஏதோ மட்டத்தை மறைக்கிறார்கள்.

கல்யாணம் ஆகி ஒரு மாதம் இருக்கும். மறுநாள் எங்கள் குலதெய்வமான கருப்பன் கோவிலுக்குப் போக வேண்டிய நாள். புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். சின்னம்மா காலையிலேயே பெரிய இரும்புச் சட்டியில் புளிச்சோற்றுக்கான புளிக்காய்ச்சலைக் கிண்டி இறக்கிவிட்டு, என் அம்மாவோடு கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போனாள். அந்த நேரத்தில் பெரியம்மா தவலையை வாசலில் போட்டு, ஆற்று மணலும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கை கொடுத்தார்கள். வெள்ளை போகப் போக உள்ளே சிவப்பு தெரிந்தது. மத்தியானத்துக்குள் தவலை முழுவதும் உள்ளும் புறமும் ஒரே சிவப்பு.

"பாருங்க, சொக்கச் செம்பு!" என்று பெரியம்மா தூக்கிக் காட்டினாள். உண்மையில் அவளுக்குச் சந்தோஷம். "மலைக்காரனாயிருந்தாலும் மனுசன் ஏமாத்தல. என்னமோ பூச்சப் பூசி மறைச்சு வெச்சிருக்கான் பைத்தியக்காரன்."

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்ததையும் செய்தாள். கோவிலில் உறவுக்காரர்கள் எல்லோரும் தம்பி பெண்டாட்டியின் சீரைப் பார்க்க வேண்டாமா? ராத்திரி படுக்கப் போகும் முன் புளிக்காய்ச்சலை இரும்புச் சட்டியிலிருந்து தவலைக்கு மாற்றி, வாயில் துணி கட்டி வைத்தாள். பண்ணையாட்களுக்கென்று கொஞ்சத்தை ஒரு மண்கலயத்தில் எடுத்து வைத்தாள். அவர்களுக்குத் தனிப் பாத்திரம், அது எப்போதும் வழக்கம். விடிவதற்குள் வண்டி கட்டியாயிற்று. சின்னம்மா துணி கட்டிய தவலையைத்தான் பார்த்தாள். உள்ளே பார்க்கவில்லை.

எங்கள் அப்பாவை அய்யன் என்போம். அய்யன் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டார். பண்ணையாட்கள் உட்பட மற்ற எல்லோரும் போனோம். கோவில் மலையடிவாரத்தில் இருந்தது. பூசாரியின் குடிசையும் சில ஆட்டுப்பட்டிகளும் தவிர வேறு வீடு கிடையாது. பொங்கல் வைத்துக் கும்பிட்டு முடித்ததும் சுடுசோற்றைப் பரப்பிப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தார்கள். புதுப்பெண்தான் எல்லோருக்கும் பரிமாற வேண்டும், கடைசியாகத்தான் அவள் சாப்பிட வேண்டும். எனக்குப் புளிச்சோறு பிடிக்காது, தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா இன்னும் இலை போடவில்லை, தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாய்க்குள்ள காசு வெச்ச மாதிரி இருக்குது" என்று தம்பி சொன்னான். அம்மா "பேசாம முழுங்கு" என்றாள்.

அதற்குப் பிறகு பத்து மணி நாற்பது நிமிடம்.

கோவில் வாசல் சற்று நேரத்தில் பார்க்க முடியாத இடமாகிவிட்டது. எங்கள் பந்தியில் தின்ற அத்தனை பேரும் மரத்துக்கு ஒருவராகக் கிடந்தார்கள். நிற்பவர்கள் சிலர்தான். அதில் கையில் கரண்டியோடு நின்றவள் சின்னம்மா.

பெரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு அவளைத்தான் பார்த்தாள்.

"நீ ஏன் திங்கல?"

"நான் பரிமாறிக்கிட்டுல்லா இருந்தேன்..."

"என்னத்தடி கலந்தே?"

"நான் ஒண்ணும் கலக்கலைக்கா. சாமி முன்னால நின்னு சொல்லுதேன்."

"மருந்துப் புட்டிக்கு நடுவுல வளந்தவ. ஒங்கய்யன்கிட்ட இல்லாத விசமா? அந்த நீலப் புட்டியில என்ன வெச்சிருக்கே?"

"எண்ணெய் பெரியம்மா, தலைக்குத் தேய்க்கற எண்ணெய்" என்று நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. எல்லோருக்கும் ஊட்டியவள் தான் மட்டும் தின்னவில்லை என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? கடைசியில் சாப்பிட வேண்டும் என்று சொல்லி நிறுத்தியதே அவர்கள்தான் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

பெரியப்பா மரத்தில் சாய்ந்தபடியே சித்தப்பாவைக் கூப்பிட்டார். "தந்தி எழுதுறா. பொண்ணக் கூட்டீட்டுப் போகச் சொல்லு. போலீசுக்குப் போகாம உட்டதே பெருசுன்னு நெனைக்கட்டும்." குடும்பத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மடியில் இருந்த காகிதத்தில் எழுதினார். சின்னம்மா அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ஒரு தடவையும் நிமிரவில்லை. வண்டிக்காரர் அதை வாங்கிக்கொண்டு தந்தி கொடுக்க ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓடினார்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயமாக அழுதிருப்பேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "திட்டுறதப் பொறவு திட்டுங்க. பூசாரி வீட்டுல முட்டை இருக்கும், பட்டியில பாலு இருக்கும். வெள்ளைக்கருவப் பாலுல அடிச்சு எல்லாருக்கும் குடுக்கணும். முதல்ல சின்னப் பையனுக்கு" என்றாள்.

"உங்கையால எவ குடிப்பா?" என்றாள் பெரியம்மா.

சின்னம்மா திரும்பி நடந்தாள். தவலையின் பக்கம் போனாள். அடியில் இன்னும் கொஞ்சம் புளிக்காய்ச்சல் ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு. விளிம்பில் நூல் மாதிரி ஒரு பச்சை. முகம் வெளுத்துவிட்டது.

"இதுல இருந்த ஈயம் எங்க?"

மறைக்க வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தெரியாததால் பெரியம்மாவே சொன்னாள். "தேச்சு எடுத்தாச்சு. செம்பு சுத்தமான செம்புதான், அதுல ஒரு கொறையும் இல்ல."

"சுத்தமா இருக்குறதுதான்க்கா கெடுதி."

"செம்பு விசமாடி? காலங்காத்தால ஒங்க மாமா செம்புத் தண்ணி குடிக்கறாரு, பாக்கறயில்ல?"

"செம்பு விசமில்ல. புளியும் விசமில்ல. ரெண்டும் ராத்திரி பூரா ஒண்ணாக் கெடந்து, செம்பும் இல்லாத புளியும் இல்லாத மூணாவதா ஒண்ணு ஆயிருக்கு. அதுதான் விசம்."

உண்மையைச் சொல்லப்போனால் அது பொய் போலத்தான் கேட்டது. இரண்டு நல்லதைச் சேர்த்தால் எப்படிக் கெட்டது வரும்? பெரியப்பா அந்த நிலையிலும் "அளக்கறா பாரு" என்றார். அப்போது தூரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பண்ணையாளின் மனைவி எழுந்து நின்றாள். அவள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை.

"ஏனுங்க, நாங்களும் அந்தப் புளிச்சோத்தத்தானுங்க தின்னோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அவர்களுக்கு வந்தது மண்கலயத்தில். ஒரே சட்டியில் கிண்டிய ஒரே காய்ச்சல். செம்பில் கொடுக்கத் தகுதி இல்லை என்று நினைத்துத்தான் கலயத்தில் கொடுத்தோம்.

சின்னம்மா அந்தக் கலயத்தையும் கேட்டு வாங்கினாள். தவலையில் ஒட்டியிருந்ததை வெந்நீர் விட்டுக் கரைத்துத் துணியில் வடிகட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்தாள். கலயத்தில் மிச்சமிருந்ததையும் அதேபோல இன்னொரு சிரட்டையில். காய் நறுக்கக் கொண்டுவந்திருந்த கத்திகள் இரண்டை மண்ணில் தேய்த்துப் பளபளப்பாக்கி சிரட்டைக்கு ஒன்றாக நிறுத்தினாள்.

"எஸ்டேட்டுல செடி நோய்க்கு மயில்துத்தம் கரைச்சுத் தெளிப்பாக. நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும். அதுக்குள்ள செம்பு இருக்குன்னு பாத்தா யாரும் சொல்ல முடியாது. அத மரப்பீப்பாய்லதான் கரைக்கணும். ஒரு கூலி இரும்பு வாளியில கரைச்சு, வாளியெல்லாம் செவந்துபோச்சு. இரும்பைக் கண்டா ஒளிஞ்சிருக்குற செம்பு வெளிய வந்துரும். கொஞ்ச நேரம் பொறுங்க. இதுலயும் வரும்."

"பொறுக்கற வரைக்கும் எம்பையன் இருப்பானா?" என்றாள் அம்மா.

தம்பி வாந்தி எடுத்த பிறகு அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான். தம்பி அவள் தோளில் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தான். வாந்தியும் நின்றுவிட்டது, கண் செருகியிருந்தது. சின்னம்மா ஓடிப்போய் முட்டையும் ஆட்டுப்பாலும் அடித்த கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். ஆனால் கிட்டே வரவில்லை. நான்கு முழம் தள்ளியே நின்றாள். கை மட்டும் நீண்டிருந்தது.

"குடுக்காத" என்று பெரியம்மா கத்தினாள். "புள்ளய அவகிட்டக் குடுக்காத! கத்தி என்ன சொல்லுதுன்னு பாரு மொதல்ல."

அம்மா கத்தியைப் பார்த்தாள். கத்தி இரும்பு நிறத்திலேயே இருந்தது. சின்னம்மாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. இத்தனை வருஷங்களாக எனக்கு அது முடியவே இல்லை.

"கத்தி எப்ப வேணாச் சொல்லட்டும்" என்று சொல்லி, தம்பியைத் தூக்கிச் சின்னம்மாவின் மடியில் போட்டாள்.

நானும் ஒரு தாயாகிப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த ராத்திரிகளில், இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். அம்மாவுக்கு ரசாயனம் தெரியாது. கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஒரு மாதம் கூடவே துணி துவைத்த பெண்ணின் முகம் தெரியும். அதை வைத்துக்கொண்டு தன் பிள்ளையைக் கொடுத்தாள். என்னால் அது முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சின்னம்மா விரலைத் தோய்த்துத் தோய்த்துத் தம்பியின் நாக்கில் வைத்தாள். அவன் முதலில் துப்பினான், பிறகு சப்பினான், பிறகு கிண்ணத்தையே பிடித்துக்கொண்டான். இரண்டாவது கிண்ணம் குடிக்கும்போது "இதுவும் நல்லால்ல" என்றான். அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கிண்ணத்தை வாங்கினார்கள். பெரியம்மா மட்டும் வாங்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு சின்னம்மா கத்திகளை எடுத்தாள். தவலைக் கரைசலில் இருந்த கத்தி நீரில் மூழ்கிய அளவுக்குச் சிவந்திருந்தது.

"ரத்தம்!" என்று பெரியம்மா அலறினாள். "கருப்பன் காட்டிக்குடுத்துட்டான், ரத்தத்தக் காட்டீட்டான்!" பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும் என்று பயந்தேன்.

சின்னம்மா சாம்பலைத் தொட்டுக் கத்தியை மெல்லத் துடைத்தாள். ரத்தமாக இருந்தால் போயிருக்கும். இது போகவில்லை, மினுங்க ஆரம்பித்தது. அதைத் தவலையின் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டிப் பிடித்தாள். கத்தி எது தவலை எது என்று சொல்ல முடியாதபடி ஒரே நிறம். பிறகு கலயத்துக் கத்தியை எடுத்தாள். அது கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். சிவப்பு இல்லை.

"அந்தத் தவலைதான்க்கா இது. நேத்து ராத்திரி கரைஞ்சு புளிக்குள்ள போச்சு. இப்பத் திரும்பி வந்திருக்கு."

பெரியப்பா எழுந்து வந்தார். இரண்டு கத்திகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்காதவர்தான், ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்கிறவர் அல்ல. "தந்தி போயிருக்குமாடா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மாதத்தில் முதல் முறையாக மணி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பல வருஷம் கழித்துப் பாலக்காட்டில் பள்ளிக்கூடம் படிக்கும்போது வாத்தியார் மூலப்பொருள், கூட்டுப்பொருள் என்று பாடம் எடுத்தார். என் மகள் புத்தகத்தில் இப்போது தனிமம், சேர்மம் என்று போட்டிருக்கிறார்கள். செம்பு தனிமம், அதை எவ்வளவு உடைத்தாலும் செம்புதான். அது வேறொன்றோடு கூடிச் சேர்மமானால் நிறம் போகும், குணம் போகும், புதிதாக ஒன்று பிறக்கும். சும்மா கலப்பது வேறு, கூடுவது வேறு. சோறும் புளிக்காய்ச்சலும் கலந்தவை, பொறுமை இருந்தால் பருக்கையைத் தனியாகப் பிரிக்கலாம். செம்பும் புளியும் கூடியதை யார் கையாலும் பிரிக்க முடியாது, ஆனால் இரும்பு பிரித்துக் கொடுக்கும். வகுப்பில் எல்லோரும் அதை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அந்தக் கத்தி மட்டும் போதுமாக இருந்தது. தினமும் தின்கிற உப்பு, தண்ணீரில் போட்டால் சீறுகிற ஓர் உலோகமும் மூச்சை அடைக்கிற ஒரு வாயுவும் கூடியது என்று என் மகள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். இரண்டு கெட்டது கூடி நல்லதாகவும் ஆகும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வீடு திரும்பிய பின் எல்லோரும் தேறிவிட்டார்கள். கடைசியாகத் தேறியது பெரியம்மா. மறுநாள் அவளே சின்னம்மாவிடம் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்த செம்பு அத்தனையையும், குடம், சொம்பு, விளக்கு உட்பட, மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். பெரியப்பாவுக்குக் காலைத் தண்ணீர் மண்கலயத்தில் வந்தது.

"தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றாள் சின்னம்மா.

"ஆகும் ஆகாதுங்கறது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே" என்றாள் பெரியம்மா. குரலில் அதிகாரம் இல்லை.

ஆனால் தந்தி தந்திதான். பீர்மேட்டில் அது போய்ச் சேர்ந்திருக்கும். திருத்தி இன்னொரு தந்தி கொடுக்கலாம் என்று சித்தப்பா சொன்னபோது, "எழுதுனத யாருங்க அழிக்கறது?" என்று சின்னம்மா கேட்டாள். அவள் எங்கள் பேச்சில் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சித்தப்பா வெளியே போய்விட்டார். அவள் வேலை எல்லாம் செய்தாள், சிரிக்கவும் சிரித்தாள், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தாள். பச்சை டிரங்குப் பெட்டி மட்டும் ஒரு நாள் காலையில் பூட்டி, கதவோரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க யாருக்கும் முகம் இல்லை. நாங்கள் எல்லோரும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் வந்தோம். அவள் போய்விடுவாளோ என்று நான் தினமும் அதைத் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம், காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்தார். கம்பம் வரை மோட்டார், அப்புறம் பழனி, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று கிடைத்த வண்டியெல்லாம் மாறி வந்த சின்னம்மாவின் அப்பா. கறுப்புக் கோட்டு புழுதியில் வெள்ளையாகியிருந்தது. தோளில் மருந்துப் பை. வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. உட்காருங்கள் என்று பெரியப்பா காட்டிய இடத்தில் உட்காரவும் இல்லை.

பெரியப்பா நடந்ததை எல்லாம் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, தன்னையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். சொல்லி முடித்ததும் பெரியம்மா மண்டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் பக்கத்தில் வந்தவர் தண்ணீரை வாங்கிக் குடித்தால்தான் மனதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அவர் கை நீட்டவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

சின்னம்மா தொழுவத்துக்குப் போனாள். சாணிக்குப் பக்கத்தில் கிடந்த செப்புச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, சாம்பல் போட்டு எங்கள் கண்முன்னால் தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாள். அதை அப்பாவிடம் கொடுக்கவில்லை. பெரியம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இதுலயா? வேண்டாஞ் சாமி, இதுல வேண்டாம்..." பெரியம்மா சொம்பை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாள், தண்ணீர் காலில் சிந்தியது.

அவர் எட்டி வாங்கினார். அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். சொம்பைக் கவிழ்த்துப் பார்த்து, "பச்சத் தண்ணிக்குச் செம்பு ஒண்ணும் பண்ணாதுங்க. புளியத்தான் அதுகிட்டத் தனியா உடப்படாது" என்றார்.

பிறகு கோட்டுப் பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த தந்தியை எடுத்தார். தூணோரத்தில் தலை குனிந்து நின்ற சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

"கூட்டீட்டுப் போகச் சொல்லி எழுதியிருந்தீங்க மாப்ள. அதான் வந்தேன். ஆடிக்குப் பொண்ணக் கூட்டீட்டுப் போறதுன்னா மாப்ளையவும் சேத்துத்தானுங்களே கூட்டீட்டுப் போவாங்க? கெளம்புங்க ரெண்டு பேரும்."